மூண்டு எபிசோட் பாத்திட்டு விடு: ஒரு தீர்ப்பின் வரலாறு

"மூண்டு எபிசோட் பார் மச்சான். பிடிக்கேல்லையெண்டா விடு."

அனிமே பார்க்கிற நாங்கள் எல்லாரும் இந்த வசனத்தை ஒருக்காவாவது சொல்லியிருப்போம், இல்லாட்டிக் கேட்டிருப்போம். ஒரு தொடரைப் பரிந்துரைக்கிற ஆள் கடைசியாக வைக்கிற பிணை அது. மூன்று எபிசோட் என்பது ஏதோ ஆதியிலிருந்தே இருந்த சட்டம் மாதிரித்தான் நாங்களும் நடந்துகொள்கிறோம். ஆனால் ஏன் மூன்று? ஏன் ஒன்று இல்லை, ஏன் ஐந்து இல்லை? யார் போட்ட கணக்கு இது?

இதைத் தேடிக்கொண்டு போனபோது எங்களுக்கு அகப்பட்டது ஒரு விதியின் கதை மட்டும் இல்லை. ஒரு தொடரைக் கைவிடுகிற அதிகாரம் யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற கதையும் அதற்குள் இருந்தது.

ஜப்பானிய மொழியிலேயே அதற்கு ஒரு தடயம் இருக்கிறது. ஒரு தொடரை ரீவி நிலையம் இடையில் நிறுத்திவிட்டால் அதற்குப் பெயர் 'உச்சிகிரி'. இன்றைக்கு ஒரு ரசிகர் ஒரு தொடரை ட்ரொப் பண்ணினால் அதற்குச் சொல்லுகிற வினை 'கிரு', அதாவது வெட்டுவது. இரண்டுக்குள்ளும் இருப்பது அதே வெட்டுத்தான். வெட்டுகிற கைதான் மாறிவிட்டது.

அனுசரணையாளரின் கத்தி

1963 ஜனவரி 1ஆம் திகதி, டெசுகா ஒசாமுவின் முஷி புரொடக்சன் தயாரித்த 'அஸ்ட்ரோ போய்' புஜி ரீவியில் தொடங்கியது. வாரம் ஒன்று, அரை மணித்தியாலம். அதன் அனுசரணையாளர் மெய்ஜி என்ற இனிப்புக் கொம்பனி. சொக்லேட் பெட்டிக்குள் அஸ்ட்ரோ போய் ஸ்டிக்கர் போட்டு விற்றார்கள். 1964இல் ஒரு கட்டத்தில் அந்தத் தொடரின் பார்வையாளர் வீதம் 40.3 வரைக்கும் போனது. 1966 கடைசி வரை 193 எபிசோட் ஓடியது.

அந்த வெற்றியோடு ஒரு கணக்கும் நிலைத்துப்போனது. தொடர் ஓடுவது இனிப்பு விற்க, விளையாட்டுப் பொம்மை விற்க. எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள், எத்தனை பொம்மை விற்குது, இந்த இரண்டு எண்ணும்தான் தீர்ப்பு. பார்க்கிற பிள்ளை என்ன நினைக்குது என்று கேட்க ஆளில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த நேரத்துக்கு ரீவிக்கு முன்னால் இருக்கவேணும். வீட்டில் பதிவு செய்கிற வசதி இல்லாத காலம். தவறவிட்டால் தவறினதுதான்.

இந்தக் கணக்கு என்னென்னத்தை வெட்டியது என்று பார்த்தால் எங்களுக்கே கொஞ்சம் திடுக்கிடும்.

1971 ஒக்டோபரில் 'லூபின் 3' தொடங்கியது. திருடன் ஒருவன் நாயகன், வளர்ந்தவர்களுக்கான தொனி. பார்வையாளர் வீதம் விழுந்தது. இயக்குநர் ஓசுமி மசாக்கி மாற்றப்பட்டார். இடையில் வந்து பொறுப்பெடுத்தவர்கள் மியாசாகி ஹயாவோவும் தகாஹாதா இசாவோவும். அவர்களாலும் அப்போது காப்பாற்ற முடியவில்லை. 23 எபிசோட்டோடு முடிந்தது.

1974 ஒக்டோபரில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ'. ஞாயிறு இரவு 7.30. அதே ஞாயிறு, அதே 7.30க்கு இன்னொரு சனலில் ஓடிக்கொண்டிருந்தது 'ஹைடி', தகாஹாதா இயக்கியது. ஒரு வீட்டில் ஒரு ரீவி. அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் அல்ப்ஸ் மலையில் ஆட்டுக்குட்டி பார்க்கிற நேரத்தில், வீட்டில் இருக்கிற பதின்மூன்று வயதுப் பெடியனால் சனல் மாத்த ஏலுமா? 39 எபிசோட்டுக்குத் திட்டமிட்ட யமாட்டோ 26இல் நிறுத்தப்பட்டது. அது 1975 மார்ச்சில்.

1979 ஏப்ரலில் டொமினோ யொஷியுகியின் 'மொபைல் சூட் கன்டம்'. அனுசரணையாளர் க்ளோவர் என்ற பொம்மைக் கொம்பனி. நல்லவன் ரோபோ, கெட்டவன் ரோபோ என்று பிரிக்க முடியாத ஒரு போர்க்கதை சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மையாக விலைபோகவில்லை. 52 எபிசோட்டுக்குப் போட்ட திட்டம் 43 ஆகச் சுருங்கியது. 1980 ஜனவரியில் முடிந்துவிட்டது.

இன்றைக்கு அனிமே வரலாறு எழுதுகிற எவரும் இந்த மூன்றையும் விட்டுவிட்டு எழுத ஏலாது. மூன்றுமே முதல் தீர்ப்பில் தோற்றவை.

மீள் ஒளிபரப்பு என்ற மேன்முறையீடு

பிறகு என்ன நடந்தது? மீள் ஒளிபரப்பு நடந்தது. பின்னேரங்களில் நேரத்தை நிரப்ப நிலையங்கள் பழைய தொடர்களை மறுபடி போட்டன. ஹைடியோடு மோதவேண்டிய தேவை இல்லாத நேரத்தில் யமாட்டோவைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தார்கள். படத்தைப் பதிய முடியாதவர்கள் ரீவிக்குப் பக்கத்தில் கசற் ரெக்கோடரை வைத்துச் சத்தத்தை மட்டும் பதிந்தார்கள். ரசிகர் மன்றங்கள் முளைத்தன. 'அவுட்' என்ற சஞ்சிகை 1977இல் யமாட்டோவுக்கு ஒரு சிறப்பிதழே போட்டது. அதே வருசம் ஓகஸ்டில் தொடரைச் சுருக்கி எடுத்த படம் திரைக்கு வந்தபோது, பெடியள் முதல் நாள் இரவே தியேட்டர் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

கன்டத்துக்கும் அதே வழி. மீள் ஒளிபரப்பு, ரசிகர்களின் கடிதங்கள், 1980 ஜூலையில் பண்டாய் விற்கத் தொடங்கிய பிளாஸ்டிக் மொடல்கள். க்ளோவர் சின்னப் பிள்ளைக்கு விற்கப் பார்த்ததை, பண்டாய் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு, தானே பொருத்திச் செய்கிற மாதிரி விற்றது. 1981 பெப்ரவரி 22, டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு வெளியே, கன்டம் படத்தின் வெளியீட்டை ஒட்டிப் பல ஆயிரம் இளையவர்கள் கூடினார்கள். அங்கே டொமினோவின் பக்கத்திலிருந்து வாசிக்கப்பட்டது 'அனிமே புதுயுகப் பிரகடனம்'. இடையில் வெட்டப்பட்ட ஒரு பொம்மை விளம்பரத் தொடருக்காக இவ்வளவு சனம்.

இந்த இடத்தில்தான் 'ரசிகர்' என்ற ஆள் தீர்ப்புச் சொல்லுகிற ஆளாக வரலாற்றுக்குள் நுழைகிறார் என்று நாங்கள் நினைக்கிறோம். 1978இல் டொகுமா ஷோட்டென் 'அனிமேஜ்' சஞ்சிகையைத் தொடங்கியது. அடுத்த வருசத்திலிருந்து வாசகர் வாக்கெடுப்பு. எந்தத் தொடர் நல்லது என்று சொல்ல, பார்வையாளர் வீதம் தவிர இன்னொரு எண் கிடைத்துவிட்டது. ஆனால் கவனியுங்கோ: அந்தக் காலத்து ரசிகரின் வேலை வெட்டுவது இல்லை. வெட்டினதைத் தூக்கி நிறுத்துவது.

ரேப் காலத்தில் ட்ரொப் என்ற சொல்லுக்கு இடமில்லை

ஜப்பானுக்கு வெளியே கதை வேறு. 1977இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 'கார்ட்டூன் ஃபன்ரசி ஓர்கனைசேசன்' என்ற மன்றம் தொடங்கியது. அமெரிக்காவின் முதல் அனிமே மன்றம் என்று அதைத்தான் சொல்லுவார்கள். 1975இல் பீற்றாமக்ஸ், 1976இல் விஎச்எஸ் என்று வீட்டு வீடியோ ரெக்கோடர்கள் வந்த கையோடு அது நடந்தது தற்செயல் இல்லை. ஜப்பானில் இருக்கிற ஆள் ஒருவர் ரீவியிலிருந்து பதிந்து தபாலில் அனுப்ப, இங்கே இருக்கிறவர் அதைக் கொப்பி பண்ணி இன்னொருவருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு. ஒவ்வொரு கொப்பிக்கும் படம் மங்கிக்கொண்டே போகும். மொழி விளங்காது. கதைச்சுருக்கத்தை ரைப் அடித்த தாளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். உபதலைப்புப் போட்ட ரேப்புகள் பரவியது 80களின் கடைசியிலும் 90களிலும்தான்.

இப்படி வந்து சேர்ந்த ஒரு தொடரை, "முதல் எபிசோட் கொஞ்சம் இழுவை" என்று சொல்லித் தூக்கிப் போட மனம் வருமா? வெறும் ரேப்புக்குக் காசு, தபாலுக்குக் காசு, கிழமைக்கணக்கில் காத்திருப்பு. கிடைத்ததைப் பார்த்தார்கள். எதைப் பார்க்கிறது என்ற தெரிவே ரேப் யாரிடம் இருக்கு என்பதில் முடிந்துவிடும். டேட்டா முடியப்போகிற இரவில் எந்த எபிசோட்டை மட்டும் டவுன்லோட் பண்ணுறது என்று யோசித்த எங்களுக்கு, அவர்கள் ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை.

2000களின் தொடக்கத்தில் ரேப் போய் கோப்பு வந்தது. ரசிகர்களே இலவசமாக மொழிபெயர்த்து இணையத்தில் விட்டார்கள். இப்போது கத்தி இன்னொரு கைக்கு வந்தது. மொழிபெயர்க்கிற குழு ஒரு தொடரைப் பாதியில் விட்டால், அதை நம்பியிருந்த அவ்வளவு பேருக்கும் கதை பாதியில் நின்றது. 'ட்ரொப்' என்ற சொல்லை ரசிகர்கள் ரசிகர்களைப் பார்த்துக் கோபத்தோடு சொன்ன காலமும் ஒன்று இருந்தது.

பதின்மூன்று கிழமை

சரி, மூன்று என்ற எண் எங்கேயிருந்து வந்தது? அதற்கு ஜப்பானிய ரீவி வருசத்தைப் பிரிக்கிற விதத்தைப் பார்க்கவேணும். 52 கிழமையை நாலாகப் பிரித்தால் 13. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர். ஒவ்வொரு துண்டுக்கும் 'கூரு' என்று பெயர். பழைய தொடர்கள் நாலு கூரு, அதாவது ஒரு முழு வருசம் ஓடும். கன்டத்துக்குத் திட்டமிட்ட 52இன் கணக்கும் அதுதான்.

1995 ஒக்டோபரில் அன்னோ ஹிதேயாகியின் 'இவாஞ்சலியன்' புதன் மாலை 6.30க்கு ஓடியது. 26 எபிசோட், இரண்டு கூரு. அன்னோ, பள்ளிக் காலத்தில் யமாட்டோவுக்குப் பைத்தியமாக இருந்த பெடியன்களில் ஒருவர். 1997இல் இவாஞ்சலியனை நடுச்சாமத்துக்குப் பிறகு மீள் ஒளிபரப்பியபோதும் ஆக்கள் விழித்திருந்து பார்த்தார்கள். அந்தக் கால எல்லையில்தான் பின்னிரவு அனிமே பெருகத் தொடங்கியது. பல கொம்பனிகள் சேர்ந்து 'தயாரிப்புக் குழு' அமைத்துக் காசு போடும். பின்னிரவு நேரத்தைக் குழுவே காசு கொடுத்து வாங்கும். வருமானம் டிவிடி விற்பனையில். ஒரு வட்டில் இரண்டு எபிசோட், விலை பல ஆயிரம் யென். இந்த முறையில் எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள் என்பது முன்னைப் போல முக்கியமில்லை. வட்டு வாங்குகிற அளவுக்கு விசர் பிடித்த சில ஆயிரம் பேர் இருந்தால் போதும்.

ஆபத்தைக் குறைக்கத் தொடர்கள் சுருங்கின. ஒரு கூரு, 12 அல்லது 13 எபிசோட். தொடர்களின் எண்ணிக்கையோ கூடியது. ஒரு சீசனில் முப்பது, நாற்பது என்று புதுத் தொடர்கள் வந்து குவிந்தன. இரவு தூங்குகிற ரசிகருக்காக ஹார்ட் டிஸ்க் ரெக்கோடர் எல்லாவற்றையும் பதிந்து வைத்தது. பதிந்ததைப் பார்த்து முடிப்பதற்கு ஜப்பானிய ரசிகர்கள் பாவிக்கிற சொல் 'ஷோக்கா', சமிபாடு. அதாவது, சாப்பாடு மிஞ்சிப்போன காலம் வந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. நாற்பது தொடர், ஒவ்வொன்றிலும் மூன்று எபிசோட், ஒன்று 24 நிமிடம். 48 மணித்தியாலம். முழுசாக இரண்டு நாள், தொடங்கிப் பார்க்கிறதுக்கு மட்டும். எல்லாவற்றையும் முடிக்கவேணும் என்றால் கம்பஸும் வேண்டாம், வேலையும் வேண்டாம். வெட்டத்தான் வேணும். அப்படித்தான் ஜப்பானிய ரசிகர் பேச்சில் 'ஒரு எபிசோட் வெட்டு', 'மூன்று எபிசோட் வெட்டு', ஏன், அறிவிப்பைப் பார்த்ததுமே விடுகிற 'பூச்சிய எபிசோட் வெட்டு' கூட வந்தது.

மூன்று என்பது 12 எபிசோட் தொடரின் கால்பங்கு. முதல் எபிசோட்டுக்குக் காசையும் நல்ல வரைஞர்களையும் கொட்டியிருப்பார்கள், மூன்றாவதில்தான் தொடரின் வழமையான முகம் தெரியும் என்பது ரசிகர்கள் சொல்லும் நியாயம். நியாயம்தான். ஆனால் இதே அளவுகோலை 52 எபிசோட் கன்டத்தில் வைத்தால் அது பதினேழில் ஒரு பங்கு. ஆயிரம் எபிசோட் தாண்டிய 'வன் பீஸில்' வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆக, மூன்று எபிசோட் விதி அனிமேயின் விதி இல்லை. ஒரு கூருத் தொடரின் விதி. நேரம் தட்டுப்பாடான காலத்தின் விதி.

விதி சரிவந்ததும் பிழைச்சதும்

2011 ஜனவரியில் 'புயெல்லா மாகி மடோகா மாஜிகா' வந்தது. பாஸ்டல் நிறம், மந்திரப் பெட்டையள், பேசுகிற வெள்ளைப் பிராணி. முதல் இரண்டு எபிசோட்டோடு விட்டவர்கள் "இது சின்னப் பிள்ளையளின்ர தொடர்" என்று நம்பிக்கொண்டு போயிருப்பார்கள். மூன்றாவது எபிசோட்டின் முடிவில் என்ன நடந்தது என்று நாங்கள் சொல்லமாட்டோம். பார்த்தவர்களுக்குத் தெரியும். விதி அதற்கு முன்னாலேயே புழக்கத்தில் இருந்தது. அதற்கு ஒரு முகம் கொடுத்தது மடோகா. "ஏன் மூண்டு?" என்று கேட்டால் "மடோகா பார்" என்றால் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் அதே விதி எத்தனை இடத்தில் சறுக்கியிருக்கு! 2017 ஜனவரியில் வந்த 'கெமோனோ ஃப்ரெண்ட்ஸை' எடுங்கோ. சின்னக் குழு ஒன்று செய்த, பொம்மை மாதிரி அசைகிற கணினி வரைகலை. அதற்கு அடித்தளமான மொபைல் கேம், தொடர் தொடங்குவதற்கு முந்தின மாதமே மூடப்பட்டிருந்தது. முதல் எபிசோட்டைப் பார்த்துப் பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் முடிவுப் பாடலின் பின்னால் கைவிடப்பட்ட பொழுதுபோக்குப் பூங்காக்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏன் ஓடுது என்று சிலர் யோசிக்கத் தொடங்கினார்கள். மனிசர் எல்லாம் எங்கே போனார்கள்? வாய்வழியாகப் பரவி, மார்ச்சில் முடியும்போது அந்தச் சீசனின் மிகப் பெரிய தொடர்களில் ஒன்று அது.

'டீமன் ஸ்லேயர்' 2019 ஏப்ரலில் தொடங்கியது. அதை எல்லாரின் வாயிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது மூன்றாவது எபிசோட் இல்லை, ஓகஸ்டில் வந்த பத்தொன்பதாவது.

எதிர்ப்பக்கமும் இருக்கு. 'ஹருஹி சுசுமியா' 2006இல் பெரும் வெற்றி. மூன்று வருசம் காத்திருந்த ரசிகர்களுக்கு 2009இல் 14 புது எபிசோட் கிடைத்தது. அதில் எட்டு எபிசோட் கிட்டத்தட்ட ஒரே கதை. கால வளையத்துக்குள் சிக்கின கோடை விடுமுறை. எட்டுக் கிழமை, ஒவ்வொரு தடவையும் புதுசாக வரைந்து, புதுசாகக் குரல் கொடுத்து, அதே சம்பவங்கள். மூன்றாம் கிழமை விடுவதா, நாலாம் கிழமை முடியுமா என்று பார்ப்பதா? ஒவ்வொரு கிழமையும் "இவ்வளவு பார்த்தாச்சு, இனி எப்படி விடுறது" என்றுதான் பலர் இருந்தார்கள். கைவிடத் தெரியாததும் ஒரு நோய்தான் என்று அந்தக் கோடை காட்டித் தந்தது.

இப்போது செய்கிறவர்களும் இந்தத் தீர்ப்பை முன்கூட்டியே கணக்கில் எடுக்கிறார்கள் போலத்தான் தெரியுது. 2023 ஏப்ரலில் 'ஓஷி நோ கோ' முதல் எபிசோட்டையே 90 நிமிடமாகப் போட்டது. அதே செப்ரெம்பரில் 'ஃப்ரீரன்', வழமையாகப் படங்கள் போடுகிற வெள்ளி இரவு நேரத்தில், முதல் நாலு எபிசோட்டையும் ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலமாக ஒளிபரப்பியது. மெதுவாக நகர்கிற ஒரு கதைக்கு அது எவ்வளவு பெரிய உதவி! மூன்றாவது எபிசோட்டில் கத்தியோடு காத்திருந்த ஆள், நிமிர்ந்து பார்க்கும்போது நாலு முடிந்துவிட்டது.

வெட்டினவற்றின் வரலாறு

இந்த இடத்தில் எங்களை நாங்களே ஒரு கேள்வி கேட்கவேணும். யமாட்டோ, கன்டம், லூபின் என்று தோற்று வென்ற தொடர்களை மட்டும் அடுக்கிவிட்டு, "பாத்தீங்களா, அவசரப்பட்டு விடக்கூடாது" என்று முடிப்பது லேசு. ஆனால் அது நேர்மையான வரலாறு இல்லை. எழுந்து வந்தவற்றைப் பற்றித்தான் எழுதப்பட்டிருக்கு. வெட்டப்பட்டு, பிறகு எவரும் திரும்பிப் பார்க்காத தொடர்களுக்குச் சிறப்பிதழும் இல்லை, பிரகடனமும் இல்லை. அவற்றில் பலது உண்மையிலேயே மோசமாக இருந்திருக்கும். சிலது மீள் ஒளிபரப்புக் கிடைக்காத யமாட்டோவாகவும் இருந்திருக்கும். எது எது என்று சொல்ல எங்களிடம் வழியில்லை. வென்றவர் எழுதுகிற வரலாறு என்று அரசர்களைப் பற்றிப் படிக்கிறோமே, கார்ட்டூனுக்கும் அது பொருந்தும்.

அதனால் நாங்கள் சொல்ல வருவது "ட்ரொப் பண்ணாதேங்கோ" என்பதில்லை. எங்களுக்கும் பரீட்சை இருக்கு, நித்திரை இருக்கு. கிழமைக்கு நாற்பது தொடர் பார்க்க ஒருவராலும் ஏலாது. அந்த உரிமை எங்களிடம் வந்தது நல்லதுதான். ஒரு பொம்மைக் கொம்பனி எங்களுக்காக முடிவெடுத்த காலத்தைவிட இது நல்ல காலம்.

ஆனால் அந்தக் காலத்திடம் இருந்த ஒன்று எங்களிடம் இல்லை: மீள் ஒளிபரப்பு. நிலையம் வெட்டினாலும், இரண்டு வருசம் கழித்து ஏதோ ஒரு பின்னேரம் அது தானாகவே திரும்பி வந்து கதவைத் தட்டியது. இன்றைக்கு எல்லாத் தொடரும் எந்நேரமும் கிடைக்கும், அதனாலேயே எதுவும் திரும்பி வந்து தட்டாது. சீசன் முடியும், பேச்சு அடுத்த சீசனுக்குப் போய்விடும். நாங்கள் வெட்டினது வெட்டினபடியே கிடக்கும்.

'மை அனிமே லிஸ்ட்' மாதிரியான பட்டியல்களில் ஐந்து பெட்டி இருக்கும்: பார்க்கிறது, முடித்தது, நிறுத்தி வைத்தது, கைவிட்டது, பார்க்க இருக்கிறது. கைவிட்டது என்ற பெட்டியை நாங்கள் எல்லாரும் நிரப்புகிறோம், திறந்து பார்ப்பதில்லை. வருசத்துக்கு ஒருக்கா, ஒரு சீசன் இடைவெளியில், அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து நாலாவது எபிசோட்டைப் போட்டுப் பார்க்கலாம். பிடிக்காட்டி மறுபடி விடலாம், குறையில்லை. அப்போதைய எங்களுக்குப் பிடிக்காதது இப்போதைய எங்களுக்கும் பிடிக்காதா என்று அதில்தான் தெரியவரும்.

1975இல் 26ஆவது எபிசோட்டோடு முடிந்த ஒரு போர்க்கப்பலை, யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெடியன் பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழட்டாமல், ரெண்டாந்தரமாகப் பார்த்திருப்பான். நாங்கள் இன்றைக்குப் பார்க்கிற பலதுக்கும் அந்தப் பெடியன்தான் கடன் கொடுத்தவன்.